பணிப்பதிவேட்டில் தொடங்கும் ஓய்வூதியம்: மத்திய அரசு ஊழியருக்கான விதிகளும் அலுவலகத்தின் கடமைகளும்

மத்திய அரசின் குடிமைப் பணியில் பழைய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வரும் ஒருவருக்கு ஓய்வூதியம் கணக்கிடும் முறை ஒரே வரியில் அடங்கிவிடும். ஓய்வு பெறும்போது வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அல்லது கடைசிப் பத்து மாதச் சம்பளத்தின் சராசரியில் பாதி, இவ்விரண்டில் எது கூடுதலோ அதுவே மாத ஓய்வூதியம். பெறுவதற்குக் குறைந்தது பத்து ஆண்டு தகுதியுள்ள பணிக்காலம் வேண்டும். இவ்வளவு எளிய கணக்கில் ஏன் ஆயிரக்கணக்கானோர் சிக்கிக்கொள்கிறார்கள் என்று கேட்டால், விடை கணக்கில் கிடைக்காது. அந்தக் கணக்கில் போட வேண்டிய பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, இடையில் எடுத்த விடுப்பு, ஒவ்வோர் ஆண்டின் ஊதிய உயர்வு, குடும்பத்தினரின் பெயர்கள் ஆகிய அனைத்தும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல எழுத்தர்களும் பல அலுவலர்களும் எழுதிவைத்த பதிவுகளிலிருந்து வருகின்றன. பதிவு சரியாக இருந்தால் ஓய்வூதியம் தானாக வரும். பதிவில் ஓட்டை இருந்தால் ஊழியர் எவ்வளவு நேர்மையாக உழைத்திருந்தாலும் கோப்பு நின்றுவிடும். அதனால்தான் விதிகள் ஊழியரின் உரிமையைச் சொல்வதோடு நிற்காமல், வேலை கொடுத்த அலுவலகம் எதை எப்போது பதிய வேண்டும், யாருக்கு எப்போது தெரிவிக்க வேண்டும் என்பதையும் விரிவாகச் சொல்கின்றன. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களும் ஓய்வை நெருங்குபவர்களும் இந்த இரண்டாம் பகுதியை அறிந்துகொள்வது மிகவும் தேவை என்று நான் கருதுகிறேன்.

முதலில், யாருக்கு எந்த விதி என்பதைப் பார்த்துவிடலாம். 2003 டிசம்பர் 31-ஆம் தேதி வரை மத்திய அரசின் குடிமைப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, 1972-ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பதிலாக வந்த மத்தியக் குடிமைப் பணிகள் (ஓய்வூதியம்) விதிகள், 2021 பொருந்தும். 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்கள், முப்படையினர் நீங்கலாக, தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வருகிறார்கள். அவர்களுள் விரும்புவோர் தேர்ந்தெடுக்கும் வகையில் 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ரயில்வே ஊழியர்களுக்கு 1993-ஆம் ஆண்டின் தனி விதிகள் உள்ளன. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் இருக்கின்றன. மாநிலத்தில் புதிய ஏற்பாட்டிற்கான எல்லைத் தேதியும் வேறு, அது 2003 ஏப்ரல் 1. ஆகவே இங்கே சொல்லப்படும் காலக்கெடுக்களையும் தொகைகளையும் மாநில அரசு ஊழியர்கள் அப்படியே தமக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லைத் தேதியில்கூடப் பதிவின் பங்கு இருக்கிறது. தேசிய ஓய்வூதியத் திட்டம் பற்றிய அறிவிக்கை 2003 டிசம்பர் 22 அன்று வெளியானது. அந்த நாளுக்கு முன்பே விளம்பரம் செய்யப்பட்ட பணியிடத்துக்குத் தேர்வாகி, 2004 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ சேர நேர்ந்தவர்களுக்கு, பழைய திட்டத்துக்கு மாறிக்கொள்ளும் ஒரே ஒரு வாய்ப்பை மத்திய அரசு 2023 மார்ச்சில் அளித்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்தைய வேலைவாய்ப்பு விளம்பரத்தின் தேதிதான் ஒருவரின் முதுமைக்கால வருவாயை அங்கே முடிவு செய்தது.

பணிக்காலம் எவ்வாறு எண்ணப்படுகிறது

ஒருவர் அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதும் ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வருவதில்லை. சம்பளத்துடன் கூடிய விடுப்புகள் அனைத்தும் தகுதியுள்ள பணிக்காலமே. சம்பளமில்லா அசாதாரண விடுப்பு மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கப்பட்டிருந்தால் எண்ணப்படும். சான்று இல்லாமல் எடுத்தது, உயர் அறிவியல் அல்லது தொழில்நுட்பப் படிப்பு போன்ற சில காரணங்கள் நீங்கலாக, பொதுவாக எண்ணப்படாது. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்த காலம், விசாரணையின் முடிவையும் அதன்மேல் பிறக்கும் ஆணையையும் பொறுத்தது. கடைசியில் வரும் காலத்தை அரையாண்டுகளாகப் பிரித்து, மூன்று மாதமோ அதற்கு மேலோ மீதி இருந்தால் அதை முழு அரையாண்டாக எடுத்துக்கொள்கிறார்கள். எனவே ஒன்பது ஆண்டு ஒன்பது மாதம் பணிபுரிந்தவர் பத்து ஆண்டு முடித்தவராகவே கருதப்படுவார். ஒரு மாத விடுப்பு எண்ணப்படுகிறதா இல்லையா என்பது சிலருக்கு ஓய்வூதியம் உண்டா இல்லையா என்ற கேள்வியாகவே மாறிவிடும்.

இங்கேதான் அலுவலகத்தின் முதல் கடமை வருகிறது. தகுதியற்ற காலம் ஏதேனும் இருந்தால் அது நிகழும்போதே பணிப்பதிவேட்டில் அதற்கான குறிப்பு எழுதப்பட வேண்டும். அவ்வாறு எழுதத் தவறியிருந்தால், ஓய்வுக்கு முந்தைய ஆயத்தக் காலத்தில் சரிசெய்துகொள்ளலாம். அந்தக் காலமும் கடந்துவிட்டால், பழைய தாள்களைத் தோண்டி எடுத்து ஊழியரை அலைக்கழிக்கக் கூடாது என்பதும், தெளிவான குறிப்பு இல்லாத அசாதாரண விடுப்பைத் தகுதியுள்ள காலமாகவே கொள்ள வேண்டும் என்பதும் மத்திய அரசு நெடுங்காலமாக வலியுறுத்திவரும் நிலைப்பாடு. பதிவு செய்யாத தவறு அலுவலகத்தினுடையது என்பதால் அதன் சுமை ஊழியரின் தலையில் விழக் கூடாது என்ற இந்த நியாயத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் நடைமுறையில் பலருக்கு இது தெரிவதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய விடுப்பு ஆணையின் நகலைக் கேட்டவுடன், அது தம் பொறுப்பு என்று எண்ணி ஊர் ஊராகத் தேடி அலைகிறார்கள்.

பணிப்பதிவேடு என்பது நியமன ஆணையில் தொடங்கி, ஊதிய உயர்வு, பதவி உயர்வு, இடமாற்றம், விடுப்புக் கணக்கு, பலன்களைப் பெறுவதற்கு ஊழியர் குறிப்பிட்ட வாரிசின் (நாமினி) பெயர் வரை ஒருவரின் பணி வாழ்க்கை முழுவதையும் தேதிவாரியாகக் கொண்டிருக்கும் ஏடு. இதை இரண்டு படிகளாகப் பராமரித்து, ஒன்றை ஊழியரிடம் கொடுத்துவைக்க வேண்டும் என்று பொது நிதி விதிகள் கூறுகின்றன. ஊழியர் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் தம் படியைக் கொடுத்தால், அலுவலகம் அதை முப்பது நாளுக்குள் புதுப்பித்துத் திருப்பித் தர வேண்டும். இப்போது பல துறைகளில் இந்தப் பதிவுகள் கணினிக்கு மாறியிருக்கின்றன. திரையில் தெரிவது சரியா என்று பார்க்க வேண்டிய தேவை மட்டும் மாறவில்லை. ஒவ்வோர் ஆண்டும் சம்பளப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரையான பணி சரிபார்க்கப்பட்டது என்று அலுவலகத் தலைவர் பதிவேட்டில் சான்றளிக்க வேண்டும். இந்தச் சிறு வரி விடுபட்ட ஆண்டுகள்தான் பின்னாளில் பெரிய தலைவலியாகின்றன.

இதற்கு மேலாக, பதினெட்டு ஆண்டு பணி முடிந்ததும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டு இருக்கும்போதும், அலுவலகத் தலைவர் கணக்கு அலுவலருடன் கலந்து, அதுவரையான தகுதியுள்ள பணிக்காலத்தைச் சரிபார்த்து, அதன் அளவை ஊழியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். விதி அளித்திருக்கும் பாதுகாப்புகளில் இதுவே மிகவும் பயனுள்ளது, மிகவும் அரிதாகக் கேட்டுப் பெறப்படுவதும் இதுவே.

பிறந்த தேதி பற்றியும் ஒரு வார்த்தை. அறுபது வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு என்பது பொது விதி. ஆனால் மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெற்றுவிடுவார். பதிவேட்டில் பிறந்த தேதி தவறாக இருந்தால் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் திருத்தம் கேட்க வேண்டும். அதற்குப் பின் வரும் கோரிக்கைகளை அரசும் நீதிமன்றங்களும் எளிதில் ஏற்பதில்லை.

ஒரு கணக்கு

ஆறாம் ஊதிய நிலையில் 62,200 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துடன், 32 ஆண்டு தகுதியுள்ள பணிக்காலத்தோடு ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று கொள்வோம். அவருடைய மாத ஓய்வூதியம் 31,100 ரூபாய். இதில் 40 விழுக்காடு வரை ஒரே தொகையாக மாற்றிக்கொள்ளலாம். அதைக் கம்யூட்டேஷன் என்பார்கள். 40 விழுக்காடு என்பது 12,440 ரூபாய். அதைப் பன்னிரண்டால் பெருக்கி, அடுத்த பிறந்த நாளில் 61 வயது ஆகிறவருக்கான மதிப்பாகிய 8.194-ஆல் பெருக்கினால் சுமார் 12,23,200 ரூபாய் வருகிறது. மாதந்தோறும் கையில் கிடைப்பது 18,660 ரூபாயாகக் குறையும். ஆனால் அகவிலை நிவாரணம் குறைக்கப்படாத 31,100 ரூபாய்க்கே கணக்கிடப்படும். மாற்றிக்கொண்ட பகுதி பதினைந்து ஆண்டுக்குப் பின் மீண்டும் ஓய்வூதியத்தில் சேர்ந்துவிடும். பணிக்கொடை தனி: அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் கால் பங்கு, முடிந்த ஒவ்வோர் அரையாண்டுக்கும் உண்டு, அதிகபட்சம் பதினாறரை மடங்கு. அதன் உச்சவரம்பு 2024 ஜனவரி 1 முதல் 20 இலட்சத்திலிருந்து 25 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாத ஓய்வூதியத்துக்கு 9,000 ரூபாய் கீழ்வரம்பும் 1,25,000 ரூபாய் மேல்வரம்பும் உண்டு.

இந்தக் கணக்கில் 62,200 என்ற எண் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஊதிய உயர்வு ஜூலை 1 அல்லது ஜனவரி 1 அன்று வழங்கப்படும். ஜூன் 30 அன்று ஓய்வு பெறுபவர் ஓர் ஆண்டு முழுவதும் உழைத்திருந்தும், மறுநாள் பணியில் இல்லாததால் அந்த உயர்வை இழந்துவிடுவார். 2013 ஜூன் 30 அன்று ஓய்வு பெற்ற அய்யம்பெருமாள் தொடுத்த வழக்கில், அந்த உயர்வை ஓய்வூதியக் கணக்குக்காக மட்டும் கருத்தளவில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 11 அன்று இதே கொள்கையை ஏற்றது. 2025 மே மாதம் மத்திய அரசு இதைத் தன் ஊழியர்களுக்குப் பொது ஆணையாக்கியது. டிசம்பர் 31 அன்று ஓய்வு பெற்று ஜனவரி 1 உயர்வை இழப்பவர்களுக்கும் அது பொருந்தும். இவ்விரு தேதிகளில் ஓய்வு பெறுபவரின் கோப்பில் இந்த உயர்வு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஓய்வுக்கு முந்தைய ஓராண்டு

ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள், அடுத்த பதினைந்து மாதங்களில் ஓய்வு பெறப்போகிறவர்களின் பட்டியலைத் துறைத் தலைவர் தயாரித்து, கணக்கு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். ஓய்வுக்கு ஓராண்டு இருக்கும்போது கோப்பு வேலை தொடங்க வேண்டும். அரசுக் குடியிருப்பில் இருப்பவராயின், வாடகை நிலுவை இல்லை என்ற சான்றுக்கு உரிய இயக்குநரகத்துக்கு எழுதுவதும் இந்தக் கட்டத்தில்தான். சம்பளம் சரியாக நிர்ணயிக்கப்பட்டிருக்கிறதா என்ற சோதனையைக் கடைசி 24 மாதங்களுக்கு மேல் பின்னோக்கிக் கொண்டுபோகக் கூடாது என்பதும் ஒரு விதி. ஊழியர் தம் படிவங்களை ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே கொடுத்துவிட வேண்டும். அலுவலகத் தலைவர் முழுக் கோப்பையும் நான்கு மாதம் முன்பே கணக்கு அலுவலருக்கு அனுப்பிவிட வேண்டும். கணக்கு அலுவலர் சரிபார்த்து ஓய்வூதிய ஆணையை வெளியிடுகிறார். அது 1990-இல் நிறுவப்பட்ட மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்தின் வழியாக வங்கிக்குச் செல்கிறது. இந்தப் பயணம் எந்த மேசையில் நிற்கிறது என்பதை ஊழியரே இணையத்தில் பார்க்க உதவும் ‘பவிஷ்யா’ என்ற அமைப்பு 2017 முதல் மத்திய அரசின் குடிமை அலுவலகங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு ஏற்பாடுகளுக்குப் பிறகும் கோப்பு முடியாமல் போனால், ஊழியரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. ஆறு மாதம் வரை தற்காலிக ஓய்வூதியம் வழங்கப்பட வேண்டும். நிர்வாகத் தவறால் பணிக்கொடை மூன்று மாதத்துக்கு மேல் தாமதமானால், வருங்கால வைப்பு நிதிக்கான வீதத்தில் வட்டி தர வேண்டும். தாமதத்துக்குக் காரணமானவர் யார் என்று கண்டறிந்து நடவடிக்கை எடுக்கவும் விதி சொல்கிறது.

இந்த வட்டிக்குப் பின்னால் ஒரு வழக்கு நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது. கேரள அரசு ஊழியராக இருந்த பத்மநாபன் நாயர் 1973 மே மாதம் ஓய்வு பெற்றார். அவருக்குப் பணம் கிடைத்தது 1975 ஆகஸ்டில். கடைசிச் சம்பளச் சான்று என்ற ஒரே ஒரு தாள் உரிய நேரத்தில் கொடுக்கப்படாததே காரணம். ஓய்வூதியமும் பணிக்கொடையும் அரசு போடும் கொடை அல்ல, அவை ஊழியரின் மதிப்புமிக்க உரிமையும் சொத்தும் ஆகும், தவறான தாமதத்துக்குச் சந்தை வீதத்தில் வட்டி கொடுத்தே ஆக வேண்டும் என்று 1984 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1982 டிசம்பர் 17 அன்று, நகரா வழக்கில் வந்த தீர்ப்பும் இதே அடிப்படையில் அமைந்ததுதான்; அந்த நாளை ஓய்வூதியர் நாளாக நாடெங்கும் கொண்டாடுகிறார்கள்.

புதிய திட்டத்தில் மாதாமாதம் தெரிவிக்கும் கடமை

2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களின் நிலையில் அலுவலகத்தின் பொறுப்பு இன்னும் கூடுகிறது என்றே சொல்ல வேண்டும். பழைய திட்டத்தில் பதிவு பிழைத்தால் ஓய்வின்போது திருத்தலாம். இங்கே பணம் மாதந்தோறும் சந்தையில் முதலீடு ஆவதால், ஒரு மாதம் தவறினால் அந்த மாதத்தின் வளர்ச்சியும் சேர்ந்தே போய்விடுகிறது. ஊழியர் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு செலுத்துகிறார். அரசு 2019 ஏப்ரல் முதல் 14 விழுக்காடு செலுத்துகிறது. சேர்ந்தவுடன் ஊழியருக்குப் பன்னிரண்டு இலக்க நிரந்தர ஓய்வூதியக் கணக்கு எண் பெற்றுத் தர வேண்டும். அதன்பின் சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர் பிடித்தம் செய்கிறார். கணக்கு அலுவலர் ஒவ்வொருவரின் எண், மாதம், ஊழியர் பங்கு, அரசின் பங்கு ஆகியவை அடங்கிய பட்டியலை, இந்தக் கணக்குகளைப் பராமரிக்கும் மத்தியப் பதிவேட்டு முகமைக்கு ஏற்றி, தொகையை அறங்காவலர் வங்கிக்கு அனுப்புகிறார். பட்டியலும் பணமும் ரூபாய் சுத்தமாகப் பொருந்தினால்தான் முதலீடு நடக்கும். பொருந்தாவிட்டால் சம்பளத்தில் பிடித்தம் நடந்திருக்கும், கணக்கில் மட்டும் ஏறியிருக்காது. சம்பளச் சீட்டில் பிடித்தத்தைப் பார்த்து மனநிறைவடையும் ஊழியர், தம் கணக்கு விவரத்தையும் மாதம் ஒருமுறை பார்த்தால் இந்த இடைவெளி உடனே தெரிந்துவிடும். இவ்வாறான தாமதம் அலுவலகத்தால் நேர்ந்தால் ஊழியரின் கணக்கில் வட்டி சேர்க்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தேசிய ஓய்வூதியத் திட்ட நடைமுறை விதிகள் கூறுகின்றன.

ஒருங்கிணைந்த திட்டத்தைத் தேர்ந்தவர்களுக்கு, 25 ஆண்டு பணி முடித்திருந்தால் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதியாகக் கிடைக்கும். பத்து ஆண்டோ அதற்கு மேலோ பணிபுரிந்து ஓய்வு பெற்றவருக்குக் குறைந்தது 10,000 ரூபாய். ஆனால் இந்த உறுதிக்கும் மாதப் பங்களிப்புகள் முறையாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

புதிய திட்டத்தில் இருப்பவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டால் குடும்பத்துக்குப் பழைய விதிகளின்படி குடும்ப ஓய்வூதியம் வேண்டுமா, சேர்ந்திருக்கும் நிதியிலிருந்து பலன் வேண்டுமா என்று பணியில் சேரும்போதே ஒரு விருப்பப் படிவம் வாங்கப்பட வேண்டும். பல இளைஞர்கள் இதைப் படிக்காமலேயே கையெழுத்திடுகிறார்கள், சில அலுவலகங்கள் கொடுப்பதே இல்லை. தயவுசெய்து இதை வீட்டில் பேசி முடிவு செய்து, அலுவலகத்தின் ஒப்புதலோடு கூடிய நகலை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப விவரமும் அப்படித்தான். மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோரில் ஊனமுற்றவர் ஆகியோரின் விவரத்தை ஊழியர் எழுதித் தர, அலுவலகம் அதற்கு ஒப்புகை அளித்துப் பணிப்பதிவேட்டில் சேர்க்க வேண்டும். மணமான மகளின் பெயரை நீக்கிவிடும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. இது பெருந்தவறு. கணவரை இழந்த மகளும் மணவிலக்குப் பெற்ற மகளும், வேறு நெருங்கிய தகுதியாளர் இல்லாத நிலையில், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு 25 வயதுக்குப் பிறகும் குடும்ப ஓய்வூதியம் பெற உரிமை உடையவர்கள். தகுதி உண்டா என்பது உரிமை எழும்போது முடிவாகட்டும். பட்டியலில் மகளின் பெயர் தொடர்ந்து இருக்க வேண்டும் என்றே அரசும் தெளிவுபடுத்தியிருக்கிறது.

ஓய்வூதியம் வரத் தொடங்கிய பின் அலுவலகம் பழைய கோப்பைத் திறந்து தொகையைக் குறைக்க முடியுமா என்ற அச்சம் பலருக்கு உண்டு. எழுத்துப் பிழை கண்டறியப்பட்டாலன்றி, இறுதியாக அனுமதிக்கப்பட்ட ஓய்வூதியத்தை ஓய்வூதியருக்குப் பாதகமாகத் திருத்தக் கூடாது. அந்தப் பிழையும் அனுமதித்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு தெரியவந்தால், ஓய்வூதியத் துறையின் இசைவில்லாமல் திருத்த முடியாது. பணியில் இருந்தபோது கூடுதலாகக் கொடுத்துவிட்ட சம்பளத்தை, ஓய்வு பெற்றவரிடமோ ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவரிடமோ, அவர் பக்கம் ஏமாற்று ஏதும் இல்லாதபோது, பிடித்தம் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் ரஃபீக் மசீஹ் வழக்கில் வரையறுத்தது. அப்படி ஒரு பிடித்த ஆணை வந்தால், அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு முதலில் அலுவலகத் தலைவருக்கு எழுத்துமூலம் முறையிட வேண்டும். பதில் வராவிட்டால் மத்திய ஓய்வூதியத் துறையின் இணையவழிக் குறைதீர் தளத்தில் பதிவு செய்யலாம், அதன்பின்னும் தீராவிட்டால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது.